ஒரே வாசலில் மூன்று விதமான நம்பர் ஏன்?

அரக்கோணத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் வீட்டு வாசலில் மூன்று வண்டிகள் நிற்கின்றன. அப்பாவின் பழைய டிவிஎஸ் 50-இல் ஊர் எண்ணே இல்லை. மூன்று எழுத்து, பின்னால் நான்கு இலக்கம், அவ்வளவுதான். அண்ணனின் பைக் டிஎன் 23. இவருடைய ஸ்கூட்டர் டிஎன் 73. மூன்றும் இதே வீட்டு முகவரியில் வாங்கியவை. "வீடு நகரவே இல்லை, நம்பர் மட்டும் ஏன் மாறிக்கொண்டே வந்தது? ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆகிவிட்டதால் அண்ணன் வண்டிக்கும் நம்பர் மாற்ற வேண்டுமா? இந்த எழுத்துகளுக்கு எல்லாம் என்ன கணக்கு?" இதுதான் கேள்வி.

கவலைப்படுகிற விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்ற வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் எத்தனை மாவட்டம் பிரிந்தாலும், ஒரு முறை கொடுத்த நம்பர் அந்த வண்டியோடுதான் இருக்கும். வீடு மாறினால் 30 நாளுக்குள் ஆர்.சி.யில் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும், அது வேறு வேலை. மாவட்டத்தின் பெயர் மாறியதற்காக யாராவது நம்பரை மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி விவரமாகச் சொல்கிறேன். வேலூர் வேலப்பாடியில் 1991-இல் இருந்து நம்பர் பிளேட் எழுதியவன் நான். பிரஷ்ஷில் ஆரம்பித்து, ரேடியம் ஸ்டிக்கர் வெட்டி, கடைசியில் அந்தத் தொழிலே கம்பெனி பிளேட்டுக்குப் போனபிறகு வண்டிக் காகித வேலைகளுக்கு வந்தவன். ஒவ்வொரு காலத்து நம்பரும் என் கை வழியாகப் போயிருக்கிறது.

அப்பாவின் டிவிஎஸ் 50-இல் இருந்து தொடங்கலாம். 1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் எழுத்துத் தொகுதிகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நம் மாநில வண்டிகள் எம்எஸ், எம்டி, டிஎம், டிஎன் என்று தொடங்கும். மூன்றாவதாக இன்னொரு எழுத்து வரும். எம்எஸ்ஒய், எம்டியூ, டிஎன்கே, டிஎம்எக்ஸ் என்றெல்லாம் பழைய அம்பாசிடரிலும் புல்லட்டிலும் பார்த்திருப்பீர்கள். அதில் ஊரைக் காட்டத் தனி எண் கிடையாது. மூன்றாவது எழுத்தை வைத்து எந்த மாவட்டம் என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள், மற்றவர்களுக்கு அது வெறும் எழுத்து. ஒரு தொகுதியில் 9999 வண்டிதான் அடங்கும். எண்பதுகளில் மொபெட்டும் பைக்கும் வீட்டுக்கு வீடு வர ஆரம்பித்ததும் அந்த ஏற்பாடு மூச்சுத் திணறியது.

1988-இல் புதுச் சட்டம் வந்தது. 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் பார்க்கும் வடிவம் அதோடு வந்ததுதான். முதல் இரண்டு எழுத்து மாநிலம். அடுத்த இரண்டு இலக்கம், வண்டியைப் பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அப்புறம் ஒன்றோ இரண்டோ எழுத்து, அது வரிசை. கடைசி நான்கு இலக்கம் அந்த வரிசையில் உங்கள் வண்டியின் இடம். அந்த எழுத்து வரிசையில் ஐ, ஓ இரண்டும் வராது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் ஐயும், சுழியமும் ஓவும் ஒன்றாகத் தெரியும் என்பதால் விட்டுவிட்டார்கள். மீதி 24 எழுத்து. ஒற்றை எழுத்தில் 24 வரிசை, இரட்டை எழுத்தில் 576 வரிசை, ஆக 600. ஒவ்வொன்றிலும் 9999 வண்டி என்றால் ஒரே அலுவலகத்தில் கிட்டத்தட்ட 60 லட்சம் வண்டிகளுக்கு இடம் இருக்கிறது. பழைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய களஞ்சியம் என்று புரியும்.

சில வரிசைகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 'ஜி' என்றால் அரசு வண்டி, 'என்' என்றால் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து. வேலூர் பழைய பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள், நம் மண்டலத்து வண்டிகளில் டிஎன் 23 என் என்று வரிசையாக இருக்கும். சென்னை வண்டிகளில் ஒற்றை 'என்' தீர்ந்துபோய் 'ஏஎன்' ஓடுகிறது. தாலுகா ஆபீஸ் ஜீப்பில் சிவப்பில் 'அ' என்று போட்டிருப்பது அரசு என்பதற்கான அடையாளம். அது பதிவு எண்ணின் பகுதி அல்ல.

சரி, 23-க்கும் 73-க்கும் வருகிறேன். பலரும் இந்த எண்ணை மாவட்ட எண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எல்லாக் குழப்பமும் அங்கே இருந்துதான் வருகிறது. அது அலுவலகத்தின் எண். மாவட்டத்தைப் பிரிக்கிற தேதியும் அலுவலகம் திறக்கிற தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நம் பகுதியிலேயே பாருங்கள். புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1989-இல், செப்டம்பர் கடைசியில், பழைய வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஒன்று, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் இன்னொன்று. வேலூர் அலுவலகத்துக்கு 23, திருவண்ணாமலைக்கு 25. நடுவில் இருக்கும் 24 கிருஷ்ணகிரி. அரக்கோணம், வாலாஜா, ஆற்காடு, ஆம்பூர், திருப்பத்தூர், குடியாத்தம் எல்லாம் அன்றைக்கு 23-க்குள்தான். உங்கள் அண்ணன் பைக் அந்தக் காலத்து மிச்சம். வண்டிகள் பெருகியதும் ராணிப்பேட்டையில் தனி அலுவலகம் வந்து 73 ஆனது. வாணியம்பாடிக்கு 83. ஆரணி 97. ராணிப்பேட்டை மாவட்டமும் திருப்பத்தூர் மாவட்டமும் பிறந்ததோ 2019 நவம்பரில். அதற்குப் பல வருடம் முன்பே 73-உம் 83-உம் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. மாவட்டம் வந்ததால் நம்பர் வந்தது என்று சொல்வது தலைகீழ். அதிலும் திருப்பத்தூர் மாவட்டத்தில் கலெக்டர் ஆபீஸ் திருப்பத்தூரில், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வாணியம்பாடியில்.

எண்களின் வரிசையைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். டிஎன் 01 முதல் சென்னை; பிறகு செங்கல்பட்டு 19, திருவள்ளூர் 20, காஞ்சிபுரம் 21 என்று சுற்றி, வேலூர் 23, கிருஷ்ணகிரி 24 என்று மேற்கே வந்து, சேலம், ஈரோடு, கோவை, திருச்சி, மதுரை என்று இறங்கி, திருநெல்வேலி 72, நாகர்கோவில் 74 என்று குமரி முனைக்கே போய்விடுகிறது. முதலில் வகுத்தபோது வடக்கில் இருந்து தெற்கே வந்த வரிசை இது. அந்த 72-க்கும் 74-க்கும் நடுவில் நம் ராணிப்பேட்டை 73 உட்கார்ந்திருக்கிறது. பின்னால் வந்த அலுவலகத்துக்கு எந்த எண் காலியாக இருந்ததோ அதைக் கொடுத்திருக்கிறார்கள். தென்மாவட்டத்துக்காரர் ஒருவர் டிஎன் 73-ஐப் பார்த்து "நம்ம ஊர்ப் பக்கமா?" என்று என் கடையில் ஒருவரிடம் ஆசையாக விசாரித்ததைக் கேட்டிருக்கிறேன். எண்ணைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் பக்கத்து எண் பக்கத்து ஊர் என்று கணக்குப் போடக் கூடாது.

காட்பாடி வழியாகப் போகிறவர்களுக்குச் சித்தூர் வண்டிகள் பழக்கம். ஏபி 03 என்றால் சித்தூர் என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது. ஜில்லாவின் தலைமையிடமே அதுதான். அதனால் எங்கள் பெரியவர்களுக்கு அது வேறு மாநில ஊராகத் தோன்றியதே இல்லை. 2019-இல் ஆந்திராவில் எல்லா அலுவலகத்துக்கும் சேர்த்து ஏபி 39 என்று ஒரே எண் ஆக்கிவிட்டார்கள். ஊர் மாறினால் நம்பர் மாற்றத் தேவையில்லை, ஃபேன்சி நம்பருக்கு ஊர் ஊராக அலைய வேண்டாம் என்று அதில் வசதி இருக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். சித்தூர் வண்டி எது, ஸ்ரீகாகுளம் வண்டி எது என்று இப்போது பிளேட்டைப் பார்த்துத் தெரியாது. ஒரு விபத்து நடந்தால் எந்தப் பக்கம் விசாரிப்பது என்பதற்கு அந்த இரண்டு இலக்கம் முதல் துப்பு.

மாநில எழுத்துகளும் நிலையானவை அல்ல. ஒடிசா முன்பு ஓஆர், 2012-இல் இருந்து ஓடி. தெலங்கானா பிரிந்தபோது டிஎஸ் வைத்தார்கள், 2024-இல் டிஜி ஆக்கினார்கள். பழைய நம்பர்கள் அப்படியே செல்லும். டெல்லியில் இன்னொரு வழக்கம் உண்டு, எண்ணுக்கு அடுத்த எழுத்து வண்டியின் வகையைச் சொல்லும். எஸ் என்றால் இருசக்கரம், சி என்றால் கார். கேரளாவில் கேஎல் 15 முழுவதும் அரசுப் பேருந்துக் கழகத்துக்கே. இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் ஸ்ரீபுரம் பொற்கோவில் வாகன நிறுத்தத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். விஐடி வாசலில் மாணவர்கள் நிறுத்தும் பைக்குகளும் அப்படித்தான், பாதி இந்தியாவின் எழுத்துகள் இருக்கும்.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்றால் லாரிகளில் டிஎன் 28-உம் 88-உம் அதிகம் தெரியும், இரண்டும் நாமக்கல். ஸ்லீப்பர் பேருந்துகளில் என்எல் என்று பார்த்துவிட்டு, நாகாலாந்தில் இருந்து இவ்வளவு தூரம் வருகிறதா என்று கேட்பார்கள். வருவதில்லை. வரியும் பர்மிட்டும் சுலபம் என்று அங்கே பதிவு செய்துவிட்டு இங்கே ஓட்டியவை. அந்த மாதிரி ஆம்னி பேருந்துகளைத் தமிழ்நாட்டுக்குள் ஓட்டக் கூடாது என்று 2024 ஜூனில் போக்குவரத்துத் துறை கடுமை காட்டியது.

இங்கே எல்லையோரத்து ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. சித்தூரிலோ கேஜிஎஃப்பிலோ செகண்ட் ஹேண்ட் கார் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக்கொண்டு வந்து, அதே நம்பரில் வருடக்கணக்காக ஓட்டுகிறார்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்பது சட்டம், 47-ஆம் பிரிவு. பழைய அலுவலகத்தில் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் மலிவா இல்லையா என்று தெரியும்.

இந்தத் தொல்லை அடிக்கடி மாற்றலாகிப் போகிறவர்களுக்கு இருக்கக் கூடாது என்றுதான் 2021 செப்டம்பரில் பிஎச் வரிசை கொண்டுவந்தார்கள். பிஎச் என்றால் பாரத். அதில் மாநிலமும் இல்லை, ஊரும் இல்லை. முதலில் பதிவு செய்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், பிறகு பிஎச், பிறகு நான்கு இலக்கம், முடிவில் எழுத்து. ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் கிளை உள்ள தனியார் கம்பெனி ஊழியர்கள் ஆகியோருக்கு இது. வரியை ஆயுளுக்கும் சேர்த்துக் கட்டாமல் இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஜில்லா நம்முடையது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறார்கள். அந்தக் குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது. ராணுவத்தின் சொந்த வண்டிகள் வேறு. அவற்றை எந்த ஆர்.டி.ஓ.விலும் பதிவதில்லை, பாதுகாப்பு அமைச்சகமே நம்பர் கொடுக்கிறது. மேல்நோக்கிய அம்பு ஒன்றும், அதை அடுத்து வருடத்தின் இரண்டு இலக்கமும் இருக்கும்.

நிறங்களைப் பெரும்பாலும் எல்லோரும் அறிவீர்கள். வெள்ளையில் கறுப்பு ஓன் போர்டு, மஞ்சளில் கறுப்பு வாடகை வண்டி. கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுகிற கார். தற்காலிகப் பதிவு மஞ்சளில் சிவப்பு எழுத்து, டீலர் கையில் இருக்கும் வண்டி சிவப்பில் வெள்ளை எழுத்து. தூதரக வண்டி நீலம். மின்சார வண்டிக்கு 2018-இல் இருந்து பச்சை. சொந்த வண்டி என்றால் எழுத்து வெள்ளை, வாடகை என்றால் மஞ்சள். ராணிப்பேட்டையிலேயே மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள் என்பதால் பச்சைப் பிளேட் நம் தெருக்களுக்கு இப்போது புதுசு இல்லை. வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டாத, 250 வாட்டுக்கு உட்பட்ட சின்ன மின்வண்டிகளுக்குப் பதிவே வேண்டாம், அதனால்தான் சிலவற்றில் பிளேட் இல்லை.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன்: எழுத்தின் அளவு. கார், லாரிக்கு ஒவ்வொரு எழுத்தும் 65 மில்லிமீட்டர் உயரம், கோட்டின் தடிமன் 10, இடைவெளி 10. இருசக்கரத்தின் பின்பக்கம் எழுத்து 35, இலக்கம் 40, தடிமன் 7, இடைவெளி 5. முன்பக்கம் உயரம் 30. எழுத்து ஆங்கிலத்திலும் இலக்கம் வழக்கமான எண்களிலும்தான் இருக்க வேண்டும். இதெல்லாம் 1989 மத்திய விதிகளில் தெளிவாக இருக்கிறது. நான் தொழில் கற்றபோது யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. வாடிக்கையாளர் கேட்டதை எழுதினேன். ஒன்றை வேலாக வரைந்தேன், ஏழை அரிவாளாக வளைத்தேன், பெயரைப் பெரிதாகவும் நம்பரைச் சின்னதாகவும் போட்டேன். கை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டுவார்கள், எனக்கும் பெருமையாக இருக்கும்.

ஒரு நாள் பாகாயம் போகிற ரோட்டில், தலையில் கீரைக்கட்டோடு போன ஒரு அம்மாவை ஒரு பைக் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு முறிந்தது. பார்த்தவர்கள் இரண்டு பேர். போலீஸ் கேட்டபோது ஒருவர், "கடைசியில வேல் மாதிரி இருந்ததுங்க" என்றார். மற்றவருக்கு அதுவும் நினைவில்லை. வண்டி கிடைக்கவே இல்லை. நான் எழுதிய பிளேட்தானா, இன்னொருவர் எழுதியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு வேல்கூட நான் வரைந்ததில்லை. அப்போதுதான் அந்த விதிகளைத் தேடி வாங்கி உட்கார்ந்து படித்தேன். 65 மில்லிமீட்டர் என்று ஏன் எழுதினார்கள் என்று அந்த அம்மாவின் காலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தமிழ் எண்களில் எழுதித் தரச் சொல்லி வருகிற இளைஞர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். தமிழ் மேல் அவர்களுக்கு இருக்கிற பற்று எனக்கும் உண்டு. கடைப் பலகையிலும் வண்டியின் பின்கண்ணாடியிலும் எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். பிளேட் மட்டும் இடிபட்டுக் கிடக்கிறவருக்காக இருக்கிறது. அவர் தமிழ் எண் படித்தவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்புப் பிளேட் கட்டாயம் ஆனது. என் பிரஷ்ஷுக்கு அன்றோடு வேலை முடிந்தது, ஆனாலும் நான் அதை வரவேற்கிறேன். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. மேல் இடது மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், 20-க்கு 20 மில்லிமீட்டர். அதற்குக் கீழே நீலத்தில் 'ஐஎன்டி' என்ற மூன்று ஆங்கில எழுத்து. இடது ஓரத்தில் லேசரில் பொறித்த தனி எண். எழுத்துகள் உள்ளிருந்து புடைத்து வந்திருக்கும், அவற்றின் மேல் பூசிய படலத்தில் 'இந்தியா' என்று சாய்வாக ஓடும். தகடு இரவில் முகப்பு விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். மாட்டுகிற பூட்டு ஒருமுறைதான் உதவும். கழற்றினால் உடைந்துவிடும், இன்னொரு வண்டிக்கு மாற்ற முடியாது. கார் கண்ணாடியில் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுவார்கள். பெட்ரோல், சிஎன்ஜிக்கு வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு, மற்றதற்குச் சாம்பல் நிறம்.

பிளேட்டை மாற்றலாம், அதனால் வண்டியின் உண்மையான அடையாளம் அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர்தான். 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. நம் நாட்டில் செய்த வண்டிகளில் 'எம்'மில் தொடங்கும். அதில் ஐ, ஓ, கியூ மூன்றும் வராது. முன்பெல்லாம் அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கொடுப்போம். பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரையும் வண்டியில் இருப்பதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ரோட்டில் ஏதாவது நடந்தால் எதை நினைவில் வைப்பது என்றும் கேட்கிறார்கள். முதலில் கடைசி நான்கு இலக்கம், அடுத்து வண்டியின் நிறம், அப்புறம் நேரம் இருந்தால் ஊர் எண். டிஎன்-ஐ நினைவில் வைக்க மெனக்கெட வேண்டாம், பத்தில் எட்டு வண்டி நம் ஊரில் அதுதான்.

கடைசியாக அப்பாவின் டிவிஎஸ் 50. சொந்த வண்டிப் பதிவு 15 வருடம் செல்லும், பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் புதுப்பிக்கப் போனால் அந்தப் பழைய மூன்று எழுத்து நம்பரே தொடரும். டிஎன் 73 என்று நீங்களாக மாற்றி எழுதிவிடாதீர்கள். பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போங்கள். வண்டியின் விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்று முதலில் அங்கே பார்க்கச் சொல்லுங்கள், ஏறாமல் இருந்தால் அந்தப் புத்தகம்தான் ஆதாரம். பிளேட்டில் எழுத்து மங்கியிருந்தால் எழுத்துக்கு 35, இலக்கத்துக்கு 40, தடிமன் 7, இடைவெளி 5 என்று எழுதுகிறவரிடம் ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள்.